பத்து வயது கம்ப்யூட்டருக்கு ஆர்எக்ஸ் 6600: வாங்கியதும் வாங்காமல் விட்டதும்

புது கிராபிக்ஸ் கார்டு ஒழுங்காக ஓடத் தொடங்கிய முதல் ராத்திரி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமில் குதிரையை விரட்டிக்கொண்டு போகிறேன். காடு, ஆற்றங்கரை, மலைச்சரிவு எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சான் டெனி நகரத்துக்குள் நுழைந்த உடனே படம் நின்றுவிட்டது. அரை நொடிதான். குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது, குளம்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மறுபடி படம் அசைந்தபோது வழியில் நடந்து போனவர் மேல் குதிரை ஏறியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வருகிறது என்று திரையின் ஓரத்தில் தெரியும் எண்ணைக் காட்டினான். "அண்ணா, 58ன்னு காட்டுது பாரு. அப்புறம் ஏன் இப்படி வெட்டுது?"

அவன் கேட்டதற்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு உருப்படியாக ஏதோ தெரிந்தது. ஆர்எக்ஸ் 6600 கார்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பழைய பெட்டியில் போட்ட கார்டைத் தனியாக எடுத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. அதைச் சுற்றி இருப்பவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

என்னுடையது 2014-இல் வாங்கியது. ஐ5-4590 பிராசஸர், பி85 சிப்செட் போட்ட மதர்போர்டு, ஒரே குச்சியாக 8 ஜிபி டிடிஆர்3 (பழைய தலைமுறை) ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். அந்த 750 டிஐ எனக்கு ரொம்பப் பிடித்த கார்டு. 60 வாட்டில், தனியாக ஒரு பவர் வயர் கூடக் கேட்காமல், அத்தனை வருஷம் உழைத்தது. ஆனால் 2 ஜிபி நினைவகத்தை வைத்துக்கொண்டு இன்றைய கேம்களை 1080பி-யில் ஆடுவது அதற்குத் தாங்காது.

முழுக்கப் புதிதாக வாங்கப் பணம் இல்லை. அதில் ஏறக்குறைய பாதிதான் கையில் இருந்தது. வாங்கும் முன் ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்தேன். நாளைக்கு இந்த மதர்போர்டு செத்தால் அடுத்த பெட்டிக்குக் கூடவே வரக்கூடியவை ஒரு பக்கம்: கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்), எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை). இந்த போர்டோடு நின்றுவிடக்கூடியவை இன்னொரு பக்கம்: பிராசஸர், டிடிஆர்3 ராம். கூட வருவதைப் புதிதாக, வாரண்டியோடு வாங்குவது. நின்றுவிடுவதை செகண்ட் ஹேண்டில், எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதோ அவ்வளவு மலிவாக வாங்குவது. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு யோசிக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பத்து வருஷத்துக்கு முந்தைய போர்டில் போட்ட பணம் அந்த போர்டோடு போய்விடக் கூடாது.

கார்டுக்கு வருவோம். என் முன்னால் இருந்தவை நான்கு. பழைய ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6600.

ஆர்எக்ஸ் 580 மலிவு, 8 ஜிபி நினைவகமும் இருக்கிறது. ஆனால் 2017-ஆம் வருஷத்துக் கார்டு, 185 வாட் குடிக்கும். செகண்ட் ஹேண்டில் வருபவற்றில் பல, எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும் பண்ணைகளில் ராப்பகலாக ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்தேரியத்தில் அந்த முறையே நின்ற பிறகு மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. நல்லதும் கிடைக்கும். ஆனால் ஃபேன் எத்தனை ஆயிரம் மணி நேரம் சுற்றியது என்று பார்த்துச் சொல்ல வழி கிடையாது.

6500 எக்ஸ்டி-யைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் விலையைப் பார்த்து முதலில் கை வைப்பது அதில்தான். அது புதுக் கார்டு, நல்ல நிறுவனத்துக் கார்டு. ஆனால் மதர்போர்டோடு பேச அதற்கு நான்கு பாதைகள்தான் உண்டு. இந்த இணைப்புக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் 4.0 பதிப்பு இருக்கும் புதிய போர்டில் நான்கு பாதையே ஓரளவு போதும். என்னுடையது 3.0. அதில் அதே நான்கு பாதையின் கொள்ளளவு பாதியாகி, நொடிக்குச் சுமார் 4 ஜிபி-க்கு வந்துவிடும். கார்டின் நினைவகமும் 4 ஜிபி-தான். அது நிரம்பியதும் மிச்சப் படங்களை ராமிலிருந்து இந்தக் குறுகலான சந்து வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். அந்த நேரத்தில் கேம் திக்கும். ஆக, பழைய போர்டுக்காரருக்கு ஏற்ற விலையில் இருக்கும் கார்டு, பழைய போர்டில்தான் அதிகம் அடி வாங்குகிறது.

ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டுப் பாதைகள், 8 ஜிபி நினைவகம். 3.0 போர்டில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி வரை போகலாம். நினைவகம் தாராளமாக இருப்பதால் அந்த வழியில் ஓயாமல் போய்வர வேண்டிய தேவையும் குறைவு. 2021 அக்டோபரில் வந்தது, 132 வாட், ஒரே ஒரு 8 பின் வயர். 1660 சூப்பரும் நல்ல கார்டுதான். ஆனால் 6 ஜிபி நினைவகம், ரே டிரேசிங்குக்கான (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வெளிச்சமும் நிழலும் வரைவது) வன்பொருள் கிடையாது. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரிச் சில கேம்கள் அந்த வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. என் பிராசஸர் அதற்குத் தாங்காது என்பது வேறு விஷயம். நான் அடுத்த பெட்டியையும் நினைத்துத்தான் வாங்குகிறேன். அதனால் 6600, புதிதாக.

ஒரு எச்சரிக்கை. உங்கள் போர்டு பி85-ஆ எச்81-ஆ என்று முதலில் பாருங்கள். எச்81-இல் கார்டு போடும் இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-தான், கொள்ளளவு இன்னொரு முறை பாதியாகும். இரண்டும் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் விற்றவை. வாங்கும்போது யாரும் அந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் போர்டின் பெயர் தெரிந்துவிடும்.

கார்டு வந்த அன்றைக்கே போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். என்னிடம் இருந்த எஸ்எம்பிஎஸ் கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். அதில் 8 பின் வயர் இல்லை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் பழைய நான்கு முனை வயர் இரண்டைச் சேர்த்து 8 பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்றை மாட்டினேன். இருபது நிமிஷம் ஓடியது. அப்புறம் பட்டென்று அணைந்தது, பிளாஸ்டிக் சூடேறும் வாசனை வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடாப்டரைக் கழற்றினால், வெள்ளையாக இருந்த முனை ஒரு ஓரத்தில் பழுப்பாகியிருந்தது. தொட முடியாத சூடு.

கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டை டார்ச் அடித்துப் படித்தேன். மதர்போர்டில் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சக்தி வருவது 12 வோல்ட் வரிசையில். அதற்கு நேராக 18 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 216 வாட். கார்டுக்கு 132, பிராசஸருக்கு 84. கூட்டினால் சரியாக அதே 216. ஃபேனுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் ஒன்றும் மிச்சமில்லை. கார்டு நொடிப் பொழுதுக்கு எகிறி இழுக்கும்போது கொடுக்கவும் எதுவும் இல்லை. பத்து வருஷம் உழைத்துத் தேய்ந்த பெட்டி அந்த 216-ஐயாவது முழுசாகக் கொடுத்திருக்குமா என்பதே சந்தேகம். கார்டு தப்பித்தது பெரிய விஷயம்.

புதிதாக வாங்கியது 550 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் வெண்கலச் (Bronze) சான்று உள்ளது. 12 வோல்ட் வரிசையில் மட்டும் 43 ஆம்பியர், அதாவது 516 வாட். அடாப்டர் இல்லாமல் சொந்த 8 பின் வயர். அதற்குப் பிறகு ஒரு முறை கூட அணையவில்லை. மொத்த வாட்டைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள், 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரைப் பாருங்கள். இது கேம் நன்றாக ஓடுவதைத் தாண்டி வீட்டுக்குள் தீப்பிடிக்காமல் இருப்பதற்கான விஷயம்.

மற்றவை சீக்கிரம். என்விடியா கார்டிலிருந்து ஏஎம்டி-க்கு மாறியதால், டிடியு என்ற மென்பொருளால் பழைய டிரைவரை சேஃப் மோடில் முழுசாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். ராம், இருந்த குச்சிக்குத் துணையாக அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி, செகண்ட் ஹேண்டில். இரண்டு குச்சி சேர்ந்தால் டூயல் சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு வழி) ஆகி, ராமின் கொள்ளளவு நொடிக்கு 12.8 ஜிபி-யிலிருந்து 25.6 ஆகிறது. இங்கேயும் ஒன்று கவனிக்க வேண்டும். நம்ப முடியாத விலையில் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 குச்சிகள் ஏஎம்டி போர்டில் மட்டும்தான் ஓடும், இன்டெல் போர்டில் கம்ப்யூட்டர் கிளம்பாது. கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி, சாதாரண 2.5 அங்குல சாட்டா வகை, 500 ஜிபி. குச்சி வடிவ எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடமே என் போர்டில் கிடையாது. சாட்டா துளைகளில் சில 6 ஜிபிபிஎஸ், சில பழைய 3 ஜிபிபிஎஸ். வேகமான துளையில் மாட்ட வேண்டும். சைபர்பங்க் 2077 தன் 2.0 பதிப்பிலிருந்து குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்கிறது. ஹார்ட் டிஸ்கில் வைத்து ஆடிப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும், வண்டியில் வேகமாகப் போனால் தெருவே மெதுவாகத்தான் முளைக்கும்.

இத்தனையும் செய்த பிறகுதான் முதலில் சொன்ன அந்த ராத்திரி. தம்பியின் கேள்வி.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் கூடவே வரும் ரிவாடியூனரும் வைத்துத் திரையில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி நொடி. முந்நூறு ஃப்ரேம் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 200 மில்லி நொடி எடுத்தாலும் சராசரி அழகாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிவதோ அந்த ஒன்று. அதனால் சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்களின் கணக்கைப் பார்த்தேன். சான் டெனிக்குள் ஒரே வழியில், ஒரே நேரத்தில், மூன்று முறை குதிரை ஓட்டினேன். சராசரி 58. ஒரு சதவீதக் கணக்கு 21. அப்போதெல்லாம் பிராசஸரின் நான்கு கோர்களும் (உள்ளே வேலை செய்யும் பகுதிகள்) 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றன, கார்டு 60 சதவீதத்தில் சும்மா காத்திருந்தது.

உறுதி செய்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கி, அதே இடத்தில் மறுபடி ஓட்டுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் கார்டுதான் தடை. ஏறவில்லை என்றால் பிராசஸர். எனக்கு ஒரே ஒரு ஃப்ரேம் கூடியது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் வசதியைப் போட்டாலும் இதே கதைதான், அது கார்டின் சுமையைத்தான் குறைக்கும்.

ஐ5-4590-க்கு நான்கு கோர், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் எடுத்து நடத்தும் வேலை வரிசை). அதே போர்டில் அதே இடத்தில் உட்காரும் ஐ7-4770-க்கு நான்கு கோர், எட்டு திரெட். ரெட் டெட் 2-இன் பரிந்துரைப் பட்டியலிலேயே இருப்பது ஐ7-4770கே-தான். ஜியான் ஈ3-1231 வி3 என்று ஒன்றும் உண்டு. அதுவும் எட்டு திரெட், ஆனால் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு என்றைக்காவது படுத்தால் திரையில் ஒன்றுமே வராது. அதற்காகவே ஐ7-4770 தேடினேன். இது நின்றுவிடும் பக்கத்துப் பொருள், அதனால் செகண்ட் ஹேண்ட். ஃபேன் சுழன்று தேயும் கார்டு மாதிரி இல்லை இது. தானாகக் கெட்டுப்போன பிராசஸரை நான் பார்த்தது குறைவு.

மாற்றிய அன்று பழைய கூலரைக் கழற்றினேன். நான்கு மூலையிலும் உள்ள பின்களை அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி மேலே இழுக்க வேண்டும். உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்ததும் விட்டுக்கொடுத்தது. அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட், வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்து, நகத்தால் தொட்டால் செதிலாக உதிர்ந்தது. சாம்பல் நிறப் பொடி. இதைப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருஷமாகப் பிராசஸர் 94 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, உலோக மூடி மேல் எழுத்துகள் தெரிய ஆரம்பித்தன.

லீவரைத் தூக்கி ஐ5-ஐ எடுத்தேன். இந்த வகைச் சாக்கெட்டில் ஊசிகள் இருப்பது போர்டில், பிராசஸரில் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைமுடி போன்ற ஊசிகள். அதன் மேல் விரல் பட்டாலும் வளைந்துவிடும், தம்பியை மூச்சு கூட விடாதே என்று தள்ளி உட்கார வைத்தேன். ஐ7-இன் மூலையில் உள்ள சின்னத் தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தேன். அது தானே உட்கார்ந்தது. நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். கூலரை வைத்து, எதிர் எதிர் மூலைகளாகப் பின்களை அழுத்தினேன். நான்கு முறை டக் என்ற சத்தம் கேட்க வேண்டும். மூன்றாவது கேட்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தேன்.

அதே குதிரை, அதே வழி. சராசரி 66. ஒரு சதவீதக் கணக்கு 47. ஃப்ரேம் நேரக் கோடு முன்பு முள்வேலி மாதிரி குத்திக் குத்தி நின்றது, இப்போது சின்ன அலையாக ஓடியது. மொத்தச் செலவில் இரண்டாவது மலிவான பொருள் இது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் காட்டியதும் இதுதான். கார்டு ஆயத்தமாகத்தான் இருந்தது, அதற்கு வேலை கொடுக்க ஆள் போதவில்லை.

அதன் பிறகு ஃப்ரேமை 60-இல் கட்டிப் போட்டேன். கட்டிப் போடும்போது பிராசஸருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது, திக்கல் இன்னும் குறைகிறது. கேம் செட்டிங்கில் எதைக் குறைப்பது என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) உச்சத்தில் இருக்கட்டும், அது கார்டின் 8 ஜிபி-யைச் சார்ந்தது. கூட்டத்தின் அடர்த்தி, தூரத்துப் பொருள்கள் தெரியும் எல்லை, இவை பிராசஸரைச் சார்ந்தவை. அவற்றை நடுத்தரத்தில் வைத்தேன். ஜிடிஏ 5, விட்சர் 3 இரண்டும் 60-ஐ விட்டு அசைவதில்லை. சைபர்பங்க் 2077-இல் கூட்டத்தைக் குறைத்தால் 45-ஐச் சுற்றி நிற்கிறது, சந்தைப் பகுதியில் 35 வரை இறங்குகிறது. அந்தக் கேமின் குறைந்தபட்சப் பட்டியலில் இருக்கும் ஐ7-6700 என்னுடையதைவிட புதியது. இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

யாருக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்கிறேன். வேலரண்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுபவர்கள், விண்டோஸ் 11-இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் தலைமுறை இன்டெல் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நான் ஒற்றை ஆளாக ஆடும் கதை கேம்களுக்கு மட்டும் இந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன், பேங்க் வேலை எதுவும் இதில் செய்வதில்லை. உங்களுடையது மூன்றாம் தலைமுறை அல்லது அதற்கும் பழையது என்றால் பிராசஸரில் பணம் போடாதீர்கள். அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி கிடையாது, சில புதிய கேம்கள் அது இல்லாமல் திறக்காது. அந்த நிலையில் கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மட்டும் வாங்கிவிட்டு, போர்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

மிச்சம் இருக்கும் ஒரே குறை சத்தம். ஐ7 எட்டு திரெட்டும் வேலை செய்யும்போது, கம்பெனி கூலர் அறைக்கு வெளியே வரை கேட்கிறது. 78 டிகிரியில்தான் நிற்கிறது, பயமில்லை, ஆனால் ராத்திரி தம்பி தூங்கும்போது ஆட முடியவில்லை. உயரமான டவர் கூலர் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் போர்டின் திருகுத் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளி, பின்னால் வந்த எல்ஜிஏ 1700 என்ற இன்டெல் சாக்கெட்டுக்கு 78. ஒரே பெட்டிக்குள் இரண்டுக்குமான பிராக்கெட்டும் ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான பிராக்கெட்டும் வைத்துக் கொடுப்பதாகத் தேடுகிறேன். கிடைத்தால் அதைப் புதிதாகவே வாங்குவேன்.